ரெண்டு மூட்டை ராஜா

ஒலிந்தோ: இருங்க, இருங்க! மணியில கை வைக்காதீங்க பெலார்மினோ அண்ணே!

பெலார்மினோ: எதுக்கு இருக்கணும்? இந்தத் தராசுத் தட்டுல நீ ஏறின, எதிர்த் தட்டுல ரெண்டு மூட்டைக் காப்பியும் எழும்பிடுச்சு. ரெண்டு மூட்டைக்கு மேல கனம் இருக்கிறவன்தான் கார்னிவல் திருவிழாவுக்கு மோமோ ராஜா. மணி அடிச்சா மேயர் உன் கையில ஊர்ச் சாவியைக் குடுப்பார், கார்னிவல் ஆரம்பம். இதுல என்ன சந்தேகம்?

ஒலிந்தோ: எழும்பிச்சா? உத்தரத்துல போய் முட்டிக்கிட்டு நிக்குது. போன வருஷம் ஒரு சாண்தானே எழும்பிச்சு?

ஜுரேமா: இந்த வருஷம் கூட ரெண்டு சாண். அதுக்கு சந்தோஷப்படாம... நீங்க அடிங்க அண்ணே. வெளியில பேண்டுக்காரங்க வெயில்ல வெந்துக்கிட்டு நிக்கிறாங்க.

ஒலிந்தோ: நீ சும்மா இரு ஜுரேமா. எனக்கு என்னமோ சரியாப் படல. இந்த ராஜா அங்கியைக் கழட்டிட்டு நிக்கிறேன், திரும்ப நிறுங்க.

ஜுரேமா: ஐயையோ, கழட்டாதீங்க!

ஒலிந்தோ: ஏன்? கிடங்குக் கதவு சாத்தியிருக்கு. உள்ள நாம மூணு பேரு, மிச்சமெல்லாம் காப்பி மூட்டை. காப்பிக்கு முன்னாடி எனக்கு என்ன வெட்கம்?

பெலார்மினோ: அங்கியோடவே இருக்கட்டும்ப்பா. பட்டுத்துணி என்ன எடை இருக்கப் போகுது?

ஒலிந்தோ: நீங்களா அண்ணே இப்படிப் பேசறீங்க? மூணாவது வருஷம் பாக்கெட்டுல சாவிக்கொத்து இருக்குன்னு என்னைத் தட்டுலேருந்து இறக்கிவிட்ட ஆள் நீங்க. அஞ்சாவது வருஷம் பல்செட்டைக் கழட்டிக் கையில குடுன்னீங்க!

பெலார்மினோ: அப்போ நான்... இளவட்டம். வேகமா இருந்தேன்.

ஒலிந்தோ: அறுபது வயசுலயா?

ஜுரேமா: கழட்டாதீங்கன்னா கேக்க மாட்டீங்களா? சளி பிடிக்கும்!

ஒலிந்தோ: பிப்ரவரி வெயில்ல சளியா? தள்ளு... இந்தா, கழட்டியாச்சு.

ஜுரேமா: மெதுவாப் போடுங்க!

ஒலிந்தோ: ...என்ன சத்தம் அது? பட்டுத்துணி கீழ விழுந்தா ‘டமார்’னு கேக்குமா?

பெலார்மினோ: எனக்கு ஒண்ணும் கேக்கல.

ஒலிந்தோ: பலகையில பள்ளம் விழுந்திருக்கு, உங்களுக்குக் கேக்கலையா? இரு... இந்த ஓரத்துல என்ன தைச்சிருக்க? ஈயக்குண்டு! மீன் வலைக்குக் கட்டற ஈயக்குண்டு! ஒண்ணு, ரெண்டு, மூணு... சுத்தி வந்துக்கிட்டே இருக்கே. முதுகுல கெட்டியா ஒண்ணு... அடிப்பாவி, நம்ம வீட்டு இஸ்திரிப் பெட்டி! ரெண்டு வாரமா அதைத் தேடிக்கிட்டு கசங்கின சட்டையோட திரியறேன்!

ஜுரேமா: கனம் வச்சுத் தைச்சாத்தான் பட்டு அழகா விழும். தையல் தெரியாதவங்களுக்கு அது புரியாது.

ஒலிந்தோ: கழுத்துப் பட்டையில கதவுக் கீல் இருக்கு. அதுவும் அழகுக்கா?

ஜுரேமா: கழுத்து நிமிர்ந்து நிக்கும்.

ஒலிந்தோ: நிறுங்க அண்ணே. இப்போ நிறுங்க. வெறும் உடம்பு, ஜட்டி, கிரீடம். அவ்வளவுதான்.

பெலார்மினோ: வேண்டாம்ப்பா...

ஒலிந்தோ: சட்டம் சட்டம்தானே? ஏறிட்டேன். மூட்டை என்ன பண்ணுது?

பெலார்மினோ: ...அசையல.

ஒலிந்தோ: எவ்வளவு குறையுது?

பெலார்மினோ: உன் பக்கம் ஒரு கிலோக் கல்லை வச்சேன். எழும்பல. இன்னொரு கல்... இந்தா, இப்போ சமமா நிக்குது. ரெண்டு கிலோ. ஆனா தட்டுக்குக் கீழ காத்து புகுந்திருக்கும்ப்பா. காத்து தூக்கிப் பிடிக்கும்.

ஒலிந்தோ: ஜன்னலெல்லாம் சாத்தின கிடங்குல ஏது காத்து?

ஜுரேமா: ரெண்டே கிலோதானே! எனக்குத் தெரியும் இப்படி ஏதாவது ஆகும்னு. பையைத் திறங்க. சீஸ் ரொட்டி இருபது இருக்கு. பன்றித் தொத்திறைச்சி ஒரு முழம். இந்தக் கூஜாவுல தண்ணி. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. அண்ணாந்து குடிச்சா கால்வாசி வேலை முடிஞ்சுது... இல்ல, பாதி வேலை!

ஒலிந்தோ: பசிக்கல.

ஜுரேமா: பசிக்கா சாப்பிடச் சொல்றேன்? பதவிக்கு!

ஒலிந்தோ: தாகமும் இல்ல. நான் இறங்கறேன்.

பெலார்மினோ: இறங்காதே, நில்லு! ஒரு நாற்காலி கொண்டு வந்து தட்டு மேலயே போடறேன், உக்காந்துக்கோ. மூச்சு வாங்குதா? நெஞ்சுல ஏதாவது...

ஒலிந்தோ: நாற்காலியையும் சேர்த்து நிறுக்கப் போறீங்களா? இந்தா, இறங்கிட்டேன். என்ன ஆச்சு உங்களுக்கு? இதே கிடங்குல பத்து வருஷம் உங்ககிட்ட மூட்டை தூக்கினேன். ஒரு நாளாவது உக்காருன்னு சொல்லியிருக்கீங்களா? குனிஞ்சா திட்டுவீங்க, நிமிர்ந்தா திட்டுவீங்க.

பெலார்மினோ: மனுஷன் மாறக் கூடாதா?

ஒலிந்தோ: அண்ணே, அங்க பாருங்க! அவ மூட்டை வாயைப் பிரிச்சுக் காப்பிக்கொட்டையை அள்ளி அள்ளிப் பாவாடையில போடறா!

பெலார்மினோ: எங்க? கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியாது.

ஒலிந்தோ: கண்ணாடி உங்க மூக்கு மேலதான் இருக்கு.

பெலார்மினோ: அழுக்கா இருக்கு.

ஒலிந்தோ: ஜுரேமா, கொட்டையை உள்ள போடு. போடுன்னா போடு. நான் ஒண்ணு சொல்லணும்... எப்படிச் சொல்றதுன்னுதான்...

ஜுரேமா: சொல்ல வேண்டாம்! இன்னிக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம். கார்னிவல் முடியட்டும்.

ஒலிந்தோ: சொல்லியே ஆகணும். ஏழு மாசமா நீ வைக்கிற சாப்பாட்டுல பாதியை நான் சாப்பிடல.

ஜுரேமா: தட்டு வழிச்சு நக்கின மாதிரி இருக்குமே?

ஒலிந்தோ: நக்கினது பக்கத்து வீட்டு பரோன்.

ஜுரேமா: அந்த நாயா? ஐயோ, அதனாலதானா! ஒதேத்தம்மா போன வாரம் வந்து, எங்க பரோன் கர்ப்பமா இருக்கு, வயிறு தரையில இழுக்குதுன்னு சொன்னாங்களே!

ஒலிந்தோ: அது ஆண் நாய்.

ஜுரேமா: அதான் அவங்க குழம்பிப் போய்க் கிடக்காங்க! பாதிரியாரைக் கூட்டி வந்து காட்டறதா வேற இருக்காங்க!

பெலார்மினோ: அந்த நாயைக் கொண்டு வந்து நிறுத்தியிருந்தா மூட்டை எழும்பியிருக்கும் போல.

ஒலிந்தோ: விடியக்காலையில ரொட்டி வாங்கப் போறேன்னு போவேனே... கடை நம்ம தெருவுலதான். நான் ஆத்துப் பாலம் வரைக்கும் நடந்துட்டு வருவேன். முதல் மாசம் பாதியில உக்காந்துடுவேன். இப்போ போயிட்டு வந்து, ஒரு தடவை கூடப் போலாமான்னு தோணுது.

ஜுரேமா: எதுக்கு? யாரு உங்களை நடக்கச் சொன்னது?

ஒலிந்தோ: புதுசா வந்திருக்காங்களே டாக்டர் லுசீலியா, அவங்க. முழங்கால் வலிக்குதுன்னுதான் போனேன். என்னைப் பாத்தாங்க, உங்களுக்கு எடை அதிகம்னாங்க. நான் எழுந்து நின்னு, ரொம்ப நன்றி டாக்டர்னேன்.

பெலார்மினோ: பின்ன? மரியாதை தெரிஞ்சவன்.

ஒலிந்தோ: திரும்பவும் சொன்னாங்க. திரும்பவும் நன்றி சொன்னேன். மூணாவது தடவை, இது பாராட்டு இல்ல ஐயான்னாங்க.

ஜுரேமா: திமிரு! ஒன்பது வருஷம் ராஜாவா இருந்தவர்கிட்ட பேசற பேச்சா அது?

ஒலிந்தோ: அப்புறம் என்ன எடைன்னு கேட்டாங்க. ரெண்டு மூட்டையும் கொசுறும்னேன். மூட்டைன்னா எவ்வளவுன்னு கேக்கறாங்க! காப்பி ஊருக்கு வந்துட்டு... மூட்டை அறுபது கிலோன்னு நான் சொல்லிக் குடுத்தேன். என் உயரத்தை அளந்தாங்க, காகிதத்துல ஏதோ கணக்குப் போட்டாங்க. உங்க உயரத்துக்கு எழுபத்திரண்டு கிலோ, அதாவது ஒரு மூட்டையும் கொசுறும் போதும்னாங்க.

பெலார்மினோ: ஒரு மூட்டையா? அது பத்தாங்கிளாஸ் பையன் எடை!

ஒலிந்தோ: நானும் அதைத்தான் சொன்னேன், அந்த எடையில நான் கடைசியா இருந்தப்போ எனக்கு மீசை முளைக்கலன்னு. அவங்க சிரிச்சாங்க. சிரிச்சுட்டு, சரி, அந்த இன்னொரு மூட்டை யாரோடதுன்னு கேட்டாங்க.

ஜுரேமா: உங்களோடதுதான். வேற யாரோடது?

ஒலிந்தோ: கேளு ஜுரேமா. இங்க மூட்டை தூக்கினப்போ லாரியிலேருந்து எடுத்து, அந்த ஏழு படி ஏறி, கொண்டு வந்து இறக்குவேன். இறக்கினதும் முதுகு தானா நிமிரும் பாரு... அந்த சுகத்துக்காகவே அடுத்த மூட்டைக்கு ஓடுவேன். டாக்டர் கேட்டப்பத்தான் உறைச்சுது. இந்த மூட்டையை நான் இறக்கவே இல்லையே. இத்தனை வருஷமா தூங்கும்போதும் தூக்கிக்கிட்டே படுத்திருக்கேனே. பயந்துட்டேன். நிஜமாவே பயந்துட்டேன்.

ஜுரேமா: கதை நல்லா இருக்கு.

ஒலிந்தோ: கதையா?

ஜுரேமா: எனக்காகச் சொல்றீங்க. நான் கலங்கக் கூடாதுன்னு. எங்க அப்பாவும் இப்படித்தான் சொன்னார், ‘எடை குறைஞ்சது நல்லதும்மா, காலெல்லாம் லேசா இருக்கு’ன்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னார். ஒண்ணே முக்கால் மூட்டை ஆளு. ஈஸ்டருக்கு ஒண்ணரை. ஜூன் மாசத் திருவிழாவுக்கு ஒண்ணு. கிறிஸ்துமஸுக்கு ஆளே இல்ல.

பெலார்மினோ: அழாதே தங்கச்சி.

ஜுரேமா: நம்ம ஊர்ல மெலிஞ்சு போனவன் யாராவது பிழைச்சிருக்கானா? சொல்லுங்க அண்ணே, ஒருத்தனைச் சொல்லுங்க!

பெலார்மினோ: தபால்காரர் இருக்காரே...

ஜுரேமா: அவர் பிறந்ததுலேருந்தே அப்படி. அது வேற. இவர் மோதிரம் சோப்புத் தண்ணியில தானா கழண்டு விழுது. கிளினிக் அட்டையைச் சட்டைக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கார். விடியக்காலையில எழுந்து தனியாப் போறார்... அழறதுக்குத்தான் போறார்னு நெனச்சேன்!

ஒலிந்தோ: ஜுரேமா... நான் சாகப் போறேன்னா நெனச்ச?

ஜுரேமா: பின்ன, பொழுதுபோகாமலா இஸ்திரிப் பெட்டியை உங்க முதுகுல வச்சுத் தைச்சேன்?

பெலார்மினோ: கடைசியா ஒரு தடவை அவர் தலையில கிரீடத்தைப் பாக்கணும் அண்ணேன்னு என் முன்னாடி நின்னு அழுதுட்டா. நான் என்னப்பா செய்யறது? முப்பத்தொரு வருஷத்துல ஒரு நாள் கண்ணை மூடிக்கிட்டேன்.

ஒலிந்தோ: எனக்கு ஒரு வியாதியும் இல்ல!

ஜுரேமா: அப்பாவும் அதையேதான் சொன்னார்.

ஒலிந்தோ: நம்ப மாட்ட இல்ல? அண்ணே, தட்டுலேருந்து ஒரு மூட்டையை இப்படித் தள்ளுங்க.

பெலார்மினோ: எதுக்கு?

ஒலிந்தோ: என் முதுகுல ஏத்துங்க.

ஜுரேமா: ஐயோ, வேண்டாம்! அண்ணே, குடுக்காதீங்க! இருக்கிறதும் போயிடும்!

ஒலிந்தோ: ஏத்தியாச்சு, இனி கத்தாதே. ஒண்ணு...

ஜுரேமா: இறங்குங்க!

ஒலிந்தோ: ரெண்டு... மூணு...

பெலார்மினோ: இடுப்பை வளைக்காதே! முழங்காலால தூக்கு! கழுதை, எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!

ஒலிந்தோ: ஆங், இதுதான் என் பெலார்மினோ அண்ணன்... நாலு... அஞ்சு...

ஜுரேமா: கிரீடம் கண்ணை மறைக்குது, பாத்து, பாத்து!

ஒலிந்தோ: ஆறு... ஏழு! ஏழு படி! இப்போ... இறக்கியாச்சு. பாத்தியா? போன வருஷம் செருப்பு வாரைக் கட்டறதுக்கு உன்னைக் கூப்பிட்டேன். ஞாபகம் இருக்கா?

ஜுரேமா: ...மூச்சு வாங்குது.

ஒலிந்தோ: அறுபது கிலோ தூக்கினா உனக்கு வாங்காதா? பேச்சு தெளிவா வருதா, இல்லையா?

ஜுரேமா: வருது... குறட்டையும் கொஞ்ச நாளா கேக்கல. பக்கத்துல படுத்துக்கிட்டு மூக்குல விரல் வச்சு வச்சுப் பாத்தேன், உசுரு இருக்கான்னு.

ஒலிந்தோ: குறட்டை நின்னதுக்கு அழுத ஒரே பொண்டாட்டி நீயாத்தான் இருப்ப.

ஜுரேமா: நிஜமாவே ஒண்ணும் இல்லையா? என் மேல சத்தியமா?

ஒலிந்தோ: உன் மேல சத்தியமா. சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்துச்சு, அதுவும் இறங்கிடுச்சு. நூத்தி முப்பத்தாறு கிலோவுலேருந்து நூத்தி பதினெட்டு கிலோவுக்கு நானா, கஷ்டப்பட்டு, உன் தொத்திறைச்சியை நாய்க்குப் போட்டுட்டு அழுதுக்கிட்டே வந்திருக்கேன்.

ஜுரேமா: என்கிட்ட சொல்லியிருந்தா நானே குறைச்சு வச்சிருப்பேனே? பாவி மனுஷா, ஏன் மறைச்சீங்க?

ஒலிந்தோ: ஒன்பது கிரீடத்தையும் அலமாரியில அடுக்கி வச்சு ஒவ்வொரு சனிக்கிழமையும் துடைக்கிறியே. ராஜா பொண்டாட்டிங்கிறது உனக்கு எவ்வளவு பெருமைன்னு... அதைப் பிடுங்க எனக்கு மனசு வரல. ரெண்டு மூட்டைக்குக் குறைஞ்சு தானா தோத்துட்டா, தராசு மேல பழியைப் போட்டுடலாம்னு இருந்தேன்.

ஜுரேமா: தூசி படியுது, துடைக்கிறேன். அவ்வளவுதான். ஒன்பது வருஷமா நீங்க மேல வண்டியில உக்காந்து கையசைப்பீங்க, நான் கீழ கூட்டத்துல தனியா நடப்பேன். ஊரே ஜோடி போட்டு ஆடும். அதுல எனக்கு என்ன பெருமை?

ஒலிந்தோ: அப்போ இன்னிக்கு என்னோட ஆடுறியா?

ஜுரேமா: முதல்ல கால்சட்டையைப் போடுங்க.

பெலார்மினோ: நீங்க பாட்டுக்குக் கொஞ்சிக்கிட்டு நில்லுங்க. மேயர் கதவைத் தட்டறது கேக்குதா? நான் என்ன சொல்ல? ரெண்டு மூட்டைக்கு இந்த ஊர்ல வேற ஆள் இல்லையே.

ஒலிந்தோ: ராஜா ரெண்டு கிலோ குறைவுன்னு உள்ளதைச் சொல்லுங்க. இருக்கிறவங்கள்ல கனமானவர் யாரோ அவர் தலையில கிரீடத்தை வைக்கட்டும். மேயரே வயிறு வச்சிருக்கார்.

பெலார்மினோ: சாவியை அவரே அவருக்குக் குடுத்துக்குவாரா?

ஒலிந்தோ: வருஷம் முழுக்க அதைத்தானே செய்யறார்?

ஜுரேமா: எனக்கு ஒரே ஒரு பயம்தான் இன்னும் போகல. இதுவரைக்கும் ரெண்டு மூட்டைன்னு ஒரு கணக்கு இருந்துச்சு, கண்ணால பாத்துத் தெரிஞ்சுக்கலாம். இனிமே எது சரியான எடை, எது வியாதி எடைன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? எங்க போய் நிறுத்தறது? எழுபத்திரண்டுலயா?

ஒலிந்தோ: நானும் கேட்டேன். எழுபத்திரண்டைப் பிடிச்சே ஆகணும்னு ஓட வேண்டாம், பத்துல ஒரு பங்கு குறைஞ்சாலே உடம்பு நன்றி சொல்லும்னாங்க. தானா, காரணமே இல்லாம குறைஞ்சாத்தான் பயப்படணுமாம், உங்க அப்பாவுக்குக் குறைஞ்ச மாதிரி. அப்புறம் தராசே வேண்டாம்னு ஒரு சணல் கயிறு குடுத்தாங்க. என் உயரத்துக்குச் சரியா அளந்து வெட்டினது. அதை ரெண்டா மடிச்சு இடுப்பைச் சுத்தணும். முனை ரெண்டும் தொட்டுட்டா நல்ல உடம்புன்னு அர்த்தம்.

பெலார்மினோ: சணல் கயிறா... ஒரு முனையில சிவப்பு மை தடவினதா?

ஒலிந்தோ: அதேதான்! கால்சட்டைப் பாக்கெட்டுலேயே வச்சிருந்தேன், ரெண்டு வாரமாக் காணோம். உங்களுக்கு எப்படித் தெரியும்? ஏன் ரெண்டு பேரும் தலையைக் குனியறீங்க? ஜுரேமா?

ஜுரேமா: துவைக்கும்போது கிடைச்சுது. தலைகிட்ட பிடிச்சா கால்ல முடியுது... சாகப் போற மனுஷன் தன் நீளத்தைத் தானே அளந்து வச்சுட்டாருன்னு நெனச்சு, அதைத் தச்சர் அன்செல்மோகிட்ட குடுத்துட்டேங்க. நீளம் இந்தக் கயிறு, அகலம் ரெண்டு மூட்டைன்னு சொன்னேன். நேத்தே பெட்டி வந்துடுச்சு, பித்தளைக் கைப்பிடி எட்டு. அண்ணன்தான் அந்த மூட்டைகளுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கார்.